பியூஸ் போகாமலே எரியும் ஒயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார்த்திகை நெருங்கினால் சபரிமலைக்குப் போகும் வேன்கள் ஆக்சஸரி கடைகளில் வரிசை கட்டி நிற்கும். பனி விளக்கு, ஆம்ப்ளிஃபயர், சீரியல் செட், குளிர்பெட்டி, டேஷ்கேம் (முன்கண்ணாடியில் வைக்கும் கேமரா), ஆளுக்கொரு போன் சார்ஜர் என்று மாட்டுகிறார்கள். பனி விளக்கு நீங்கலாக மற்றதற்கெல்லாம் கரண்ட் எடுப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: டேஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட். ஒன்றை மூன்றாக்கும் பிளக்கைச் செருகி, அந்த மூன்றில் ஒன்றில் மறுபடியும் ஒரு மூன்று வாய்ப் பிளக்.

அந்த சாக்கெட்டின் மூடியில் 120 வாட் என்றோ 180 வாட் என்றோ எழுதியிருக்கும். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 அல்லது 15 ஆம்பியர். வாய்கள் எத்தனை ஆனாலும் பின்னால் போகிற ஒயர் அதேதான். இனி லோடைக் கூட்டிப் பாருங்கள். 55 வாட் பனி விளக்கு இரண்டுக்கு 9 ஆம்பியர். ஆம்ப்ளிஃபயர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 1000 வாட்டை நம்ப வேண்டாம். அதன் முதுகில் செருகியிருக்கும் பியூஸில் 15 என்றிருந்தால் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டிக்கு 4, 18 வாட் சார்ஜர் நான்குக்கு 6, சீரியல் செட்டுக்கு 2, டேஷ்கேமுக்கு அரை. மொத்தம் முப்பத்தாறரை ஆம்பியர். பனி விளக்கைக் கழித்தாலும் 27க்கு மேல்.

"பியூஸ்தான் இருக்கிறதே, அதிகமானால் போய்விடும்" என்பார்கள். ஓவர்லோடுக்கு அது சரி. பிளக் லூசாக இருந்தால் பியூஸுக்கு எதுவும் தெரியாது. லைட்டர் பிளக்கின் நுனி, ஒரு ஸ்பிரிங் தள்ளலில் மட்டும் தொட்டுக்கொண்டிருப்பது. மலைப்பாதைக் குலுக்கலில் அது தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் தடை வந்துவிட்டால், 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே மட்டும் 10 வாட் சூடு; சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைச் செருகி வைத்த மாதிரி. பியூஸின் கணக்கில் ஓடுவது வழக்கமான 10 ஆம்பியர்தான். அதனால் அது அசையாது, பிளாஸ்டிக் உருகும். ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்டிலும் இதே கதைதான். வெயிலில் டேப்பின் பசை இளகி, மூன்று மாதத்தில் வால் தொங்கும்.

சரியான முறை கடினமானதல்ல. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவில் லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) கிரிம்ப் செய்து, அதாவது அழுத்திப் பிடிக்க வைத்து, 10 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஒன்றைத் தனியாக எடுங்கள். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் 40 ஆம்பியர் பியூஸ் வேண்டும். அதைக் கொண்டுபோய் டேஷ்போர்டு அடியில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி பாடியில் பட்டதும் தடுக்க ஆளில்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) கட்டாயம். உள்ளே ஒரு ரிலே, அதாவது சாவி போட்டால் மட்டும் லைனை இணைக்கும் தானியங்கி சுவிட்ச். அதன் கால்களில் எண் இருக்கும்: 30க்கு பேட்டரி லைன், 87லிருந்து லோடு, 86க்கு சாவி போட்டால் வரும் லைன், 85க்கு எர்த். ரிலேயிலிருந்து ஆறு வழி பியூஸ் பாக்ஸ். அங்கிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஒயர், தனி பியூஸ். எர்த் ஒயரும் பாசிட்டிவ் அளவுக்குத் தடிமன் வேண்டும். பெயின்டைச் சுரண்டி, போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பனி விளக்குக்கு முன்பக்கமே தனி ரிலேயும் 15 ஆம்பியர் பியூஸும் போதும்.

பியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆகவே ஒயரைப் பார்த்துத்தான் பியூஸ் போட வேண்டும்: 1.5 சதுர மி.மீ.க்கு 10 (சிவப்பு), 2.5க்கு 20 (மஞ்சள்). சிவப்பு அடிக்கடி போகிறது என்று மஞ்சளைச் செருகுவதும், போன பியூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும் ஒயரையே பியூஸாக்கும் வேலை. மலிவு ஒயர்களில் செம்பு முலாம் பூசிய அலுமினியம் நிறைய வருகிறது. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஓடவிட்டு, கால் மணி நேரம் கழித்து பிளக், பியூஸ், ஜாயின்ட் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் அங்கே கோளாறு. மல்டிமீட்டரில் பேட்டரி முனைக்கும் லோடு முனைக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தாலும் கோளாறுதான்.

வண்டி நிற்கும்போது வேறு தொல்லை. பார்க்கிங் மோடில் டேஷ்கேம் 0.3 ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய கணக்கு). 35 ஆம்பியர்-அவர் கார் பேட்டரி மூன்றாம் நாள் செல்ஃப் எடுக்கத் திணறும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் துண்டிக்கும் கட்-ஆஃப் உள்ள டேஷ்கேம் ஒயரிங் கிட்டையே வாங்க வேண்டும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் டேஷ்கேம் ஒயரை முன் தூணில் ஏர்பேக்குக்குப் பின்னால் விட வேண்டும். முன்னால் விட்டால் பை விரியும்போது ஒயரும் சேர்ந்து பறக்கும். வாடகை வண்டிகளில் இடம் காட்டும் கருவிக்கும் அவசரப் பொத்தானுக்கும் போகிற லைனில் எதையும் கிள்ளி எடுக்கக் கூடாது. லாரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 24 வோல்ட்டைக் குறைக்க இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்தால் ஒன்று காய்ந்துபோகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜாகிக் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

ஆக்சஸரி கடைக்காரர்களிடம் ஒரு கோரிக்கை. பில்லின் பின்பக்கம் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: லைன் எங்கிருந்து எடுத்தது, ஒயர் எத்தனை சதுர மி.மீ., பியூஸ் எத்தனை ஆம்பியர், அது எங்கே இருக்கிறது. நடு ராத்திரியில் எரிமேலிப் பக்கம் டேஷ்போர்டு அடியில் புகை வந்தால், டிரைவர் டார்ச் அடித்துத் தேட வேண்டிய இடம் அதுதான்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர்,
நாமக்கல்.