நாய், பூனை வளர்ப்போர் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். மழை விட்டு வெயில் அடிக்கிறது. இனி உண்ணித் தொல்லை கூடும். தினமும் மாலையில் நாயின் காது மடல், கழுத்துப்பட்டைக்கு அடிப்பகுதி, விரல் இடுக்குகளைத் தடவிப் பாருங்கள். காய்ச்சல், ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம் என எது தெரிந்தாலும் உடனே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். உண்ணி பரப்பும் காய்ச்சல் தொடக்கத்தில் மருந்துக்குக் கட்டுப்படும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். பாரசிட்டமாலும் பூனைக்கு நஞ்சுதான், தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது ஆண் பூனைகள். மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கினால் மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். பழகிய பூனை திடீரென்று தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தாலும் அடிக்க வேண்டாம், பாவம், அதற்கு வலி இருக்கலாம்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிக்குத் தேதி கடந்திருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.