நடமாடும் கிரஷர்: டன் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இடம் மாற்றி ஓட்டக்கூடிய கல்லுடைக்கும் இயந்திரங்களான நடமாடும் கிரஷர்கள் பற்றிய தங்கள் கட்டுரை, மணிக்கு எத்தனை டன் என்பதை வைத்தே இயந்திரங்களை ஒப்பிட்டிருந்தது. கல் எவ்வளவு கடினம், எந்த அளவில் உள்ளே போகிறது, கல்லை நசுக்கும் இரு தாடைகளின் கீழ் இடைவெளி (உடைந்த கல் வெளியே விழும் வழி) என்ன என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கீழ் இடைவெளியை 100 மி.மீ.யிலிருந்து 50-க்கு இறக்கிப் பாருங்கள், அதே ஜா (தாடை வகை) கிரஷரின் உற்பத்தி வெகுவாகச் சரிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது கல் உள்ளே போகும் வாயின் குறுகிய பக்கத்தை. 1000 × 600 மி.மீ. வாய் என்றால், 600-ல் 80 சதவீதம், அதாவது 480 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லை உள்ளே விடக்கூடாது. விட்டால் குறுக்கே மாட்டிக்கொள்ளும். உடனே கடப்பாரையோடு மேலே ஏற ஓர் ஆள் தயாராக இருப்பார்! இன்ஜினை அணைத்தாலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும். நெருக்கத்தில் இருக்கும் கல் விடுபடும்போது மேல்நோக்கித் தெறிக்கும். சாவியைக் கழற்றி, ஃப்ளைவீல் அடியோடு நின்ற பிறகும் ஆளை இறக்காமல், பொக்லைனில் மாட்டிய பிரேக்கரால் உடைப்பதே சரி.

அளவான கல்லாக இருந்தால் வாயை நிரப்பியே ஓட்டலாம். கல்லோடு கல் அழுந்தி உடைவதால் தட்டைச் சில்லு குறைந்து, ஜல்லி நல்ல வடிவில் விழும். ஒவ்வொன்றாகப் போட்டால் தாடையில் பொருத்திய மாங்கனீஸ் தகட்டின் கீழ்ப்பகுதி மட்டும் தேயும். அப்படித் தேய்ந்த தகட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம்; பலர் அதைச் செய்யாமலே புதிது வாங்குகிறார்கள்.

மண்ணும் பொடியும் கல்லை வாய்க்குள் தள்ளும் ஃபீடரில் இடைவெளி விட்டு அமைந்த கிரிஸ்லி கம்பிகள் வழியே முன்னதாகவே கழிந்துவிட வேண்டும். தூசியை அடக்குகிறோம் என்று ஃபீடருக்கு மேலுள்ள தொட்டியான ஹாப்பரில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டால் அந்தப் பொடி சேறாகிக் கம்பிகளை அடைத்துவிடும். கல் கொட்டும் இடங்களில் நுண்துளிகளாகத் தெளித்தாலே போதும்.

ஈரக் களிமண் உள்ளே போனால் தாடைகளின் அடியில் இறுகும். இடைவெளி அடைபட்டு, அசையும் தாடையைப் பின்னாலிருந்து தாங்கும் டாகிள் பிளேட் முறியும். முறிவதற்காகவே வைத்த பாகம் அது. திரும்பத் திரும்ப முறிகிறதே என்று அந்த இடத்தில் தடித்த இரும்பை வெல்டு செய்பவர்கள், அடுத்த அடைப்பில் பேரிங்கையோ மெயின் ஷாஃப்டையோ மாற்ற வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
குவாரி இயந்திரப் பராமரிப்பாளர்