‘அதிசயம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பேராபத்திலிருந்து ஒருவர் மீண்டு வந்தால், அதை ‘அதிசயம்’ என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது வருத்தமளிக்கிறது. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டு வானில் மின்னல் தாக்கிச் சிதறிய விமானத்திலிருந்து, இருக்கையோடு பிணைந்தபடியே ஏறத்தாழ 3,000 மீட்டர் கீழே மழைக்காட்டில் விழுந்த 17 வயது ஜூலியான் கோப்கே, காறை எலும்பு முறிந்திருந்தும், நீரோடையைத் தொடர்ந்து சென்றால் மனிதர்களை அடையலாம் என்று தந்தை கற்பித்ததை நினைவில் கொண்டு, ஒற்றைச் செருப்புடன் நடந்தார். கைக்காயத்தில் புழு வைத்தபோது, கரையோரம் நின்ற படகிலிருந்த பெட்ரோலை ஊற்றி அவற்றை வெளியேற்றினார். மரக்கிளைகள் வீழ்ச்சியின் வேகத்தைத் தணித்திருக்கலாம். பதினொரு நாள் தாக்குப்பிடித்தது அவருடைய அறிவும் மனவுறுதியுமே. உடன் பயணித்த தாயை இழந்த துயரமோ அவரைவிட்டு அகலவில்லை. இத்தகையோரின் பிற்கால வேதனையையும் தங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்