கொழுந்துச் சீட்டைப் பத்திரப்படுத்தியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காமார், தங்கச்சிமார், அண்ணன்மார், ஐயாமார் எல்லோருக்கும் வணக்கம்.

தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தை நிறுக்கும்போது நிறையில் ஒரு பகுதியைக் கழித்துவிடும் நிறுவைக் கழிவு பற்றிய மனு பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மனுவை முன்வைத்த பெண் உறுப்பினர், அதே விடயத்தை வாய்மூல விடைக்கான வினாவாகவும் கொடுத்தார். வரவு செலவுத்திட்டக் குழுநிலை விவாதத்தில் தனக்குக் கிடைத்த சில நிமிடங்களையும் இதற்கே ஒதுக்கினார். அவருக்கு முதல் நன்றி. ஆனால் அவர் சபையில் வாசித்த அட்டவணை பலர் சேர்த்துக் கொடுத்தது. இந்த மடல் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். உதவியவர்களில் அநேகர் இன்னும் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவேட்டில், இருப்பவர்கள். அதனால் பெயர், தோட்டம், டிவிசன் எதையும் இங்கே போடவில்லை.

முதலில், பறித்த கொழுந்தின் நிறையை எழுதித் தரும் கொழுந்துச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தவர்களுக்கு நன்றி. தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும் ஒரு பேருக்கு, அதாவது முழு நாட்சம்பளத்துக்கு, 18 கிலோ என்பது பரவலாகக் கேட்கிற அளவு. காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை. நிறுவைக்கு ஒரு கிலோ கழித்தால் நாளைக்கு மூன்று கிலோ. தராசில் 20 காட்டிய கொழுந்து கணக்கில் 17 ஆகிவிடும், அரைப்பேர் விழும். நாட்சம்பளம் 1350 ரூபாயாக இருந்த மாதங்களில் அரைப்பேர் என்றால் 675 ரூபாய். சேமலாப நிதிக்குப் போகும் பங்கும் அதே அளவுக்குச் சுருங்கும். இது நம் பெண்களுக்குப் புதுச் செய்தியில்லை. ஆனால் "நிறையக் கழிக்கிறார்கள்" என்று ஓர் உறுப்பினர் சபையில் சொன்னால், "விசாரிக்கிறேன்" என்று அமைச்சர் எழுந்து சொல்லி உட்கார்ந்துவிடலாம். திகதி, கொழுந்து பறித்த மலையின் இலக்கம், எத்தனையாவது நிறுவை, தராசு காட்டியது, சீட்டில் எழுதியது என்று ஐந்து கட்டத்தில் போட்டுக் கொடுத்தால் அவ்வளவு இலேசாக உட்கார முடியாது.

இதில் பெரிய உதவி தோட்டத்து மழைமானிக் குறிப்பைப் பார்த்து எழுதித் தந்தவருடையது. ஈரக் கொழுந்தில் தண்ணீர் நிறை ஏறும் என்பது உண்மைதான். ஏறத்தாழ நாலரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை விழவேண்டிய ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தண்ணீரோடு நிறுத்தால் அந்தக் கணக்குப் பிசகும். எனவே மழை நாளில் கழிப்பதற்கு நிர்வாகம் சொல்லும் காரணத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் மழைமானியில் ஒன்றுமே விழாத நாளிலும் அதே ஒரு கிலோ கழிந்திருந்தால் அந்தக் காரணம் நிற்காது. மழைக் குறிப்பையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரிந்தது இதுதான்: கழிவு வானத்தைப் பார்த்து மாறவே இல்லை.

சாக்கின் நிறைக்கென்று கழிக்கிற கணக்கு அதைவிட எளிது. வெறும் சாக்கைத் தராசில் மாட்டிப் படம் எடுத்த பிள்ளைகளுக்கு நன்றி. சில நூறு கிராம்தான் வந்தது. டிஜிட்டல் தராசில் சாக்கை மாட்டிச் சுழியாக்கிவிட்டுக் கொழுந்தை நிறுத்தால் சாக்கு நிறை ஏற்கெனவே போய்விட்டது. பிறகு சீட்டில் மறுபடி கழிப்பது ஒரே பொருளுக்கு இரண்டு தரம் கழிப்பது. அந்தப் படங்களிலேயே தராசின் முத்திரையும் தெரியும்படி எடுத்தது கெட்டிக்காரத்தனம். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டுக்குரியது என்பது ஓர் அமைச்சர் தட்டிக்கழிக்க முடியாத வினா. ஏனென்றால் அது அரசின் வேலை.

எது அரசின் வேலை, எது கம்பனியின் வேலை என்ற இந்த வித்தியாசத்தைச் சொல்லித் தந்த, ஓய்வுபெற்ற தொழில் அலுவலர் ஐயாவுக்குத் தனி நன்றி. முதலில் எழுதிய வினா, தோட்டத்தில் ஏன் இவ்வளவு கழிக்கிறார்கள் என்றுதான் இருந்தது. அப்படியே போயிருந்தால், "அது கம்பனி நிர்வாகத்தின் விடயம்" என்ற ஒற்றை வரியோடு முடிந்திருக்கும். 1992இல் தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனதிலிருந்து சபையில் பழகிப்போன பதில் அது. அமைச்சரின் பொறுப்பில் உள்ளதை மட்டுமே அமைச்சரிடம் கேட்கலாம். ஆகவே அவர் வினாவைத் திருப்பிப் போட்டார்: தொழில் திணைக்களம் இந்த மாவட்டத்தில் எத்தனை தோட்டங்களில் நிறுவையைப் பரிசோதித்தது, எத்தனை தராசுகளுக்கு முத்திரை இருந்தது, என்ன நடவடிக்கை எடுத்தது? வினாவுக்குள் குற்றச்சாட்டோ அபிப்பிராயமோ இருந்தால் அது சபையின் அலுவல் நிரலான ஒழுங்குப் பத்திரத்துக்கு வருமுன்பே வெட்டுப்படும். கோபத்தையெல்லாம் அமைச்சரின் பதிலுக்குப் பிறகு எழுந்து கேட்கும் இடையீட்டு வினாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஐயா. உறுப்பினரும் அப்படியே செய்தார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுத்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. தனியார் கம்பனியிடம் அதை நீட்டிப் பிரயோசனமில்லை. தொழில் திணைக்களத்திடம் நீட்டலாம், அரசின் கையிலுள்ள தோட்டங்களை நடத்தும் கூட்டுத்தாபனங்களிடமும் நீட்டலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவேனா மாட்டேனா என்று முடிவு சொல்லவேண்டும். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வந்தால் அந்த 14 நாள் எப்போது தொடங்கியது என்பதிலேயே இழுபறி வரும். ஒவ்வொரு தடவையும் மறக்காமல் அத்தாட்சி வாங்கி வந்த தங்கச்சிக்கு நன்றி.

மனுவில் கையெழுத்திட்ட அம்மாமாருக்கு என்ன சொல்வது! உறுப்பினர் சபைக்குள் பேசுவதற்கு 1953ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாராளுமன்ற சிறப்புரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அவருக்குத் தகவல் கொடுத்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மனுவிலோ பெயரும் விலாசமும் வேண்டும். அதனால்தான் ஓய்வுபெற்றவர்கள் முன்வந்து கையெழுத்திட்டார்கள். இப்போது வேலையில் இருப்பவர்களின் சீட்டுகள் பெயரையும் செக்ரோல் இலக்கத்தையும் மறைத்த பிரதிகளாகவே இணைந்தன. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சேமலாப நிதிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் மூன்றாவது என்று கிடந்த பெயர்களை ஒன்றாக்கச் சத்தியக்கடதாசி முடித்துத் தந்த சமாதான நீதவானுக்கும் நன்றி; பணம் வாங்கவில்லை அவர்.

சிங்களத்தில் பெயர்த்துத் தந்த ஆசிரியைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம், உரையையும் தமிழில் ஆற்றலாம். உடன் மொழிபெயர்ப்பு காதில் கேட்கும். ஆனால் சபை உரைகளின் பதிவான ஹன்சாட்டில் பேசியவர் பேசிய மொழியிலேயே அச்சாகும். நம் உறுப்பினரின் உரை தமிழில் நிற்க, பதில் சிங்களத்தில் நிற்கும். இரண்டையும் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஊரில் இல்லையென்றால், என்ன பதில் வந்தது என்பதே தெரியாமல் போகும். டீச்சர் எண்களின் அட்டவணையை இரு மொழியிலும் ஒரே தாளில் போட்டுத் தந்ததால், குழுவின் உத்தியோகத்தர்களும் தொழில் அலுவலகத்தாரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச முடிந்தது.

1947 பொதுத் தேர்தலில், தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். ஏழு பேரும் ஆண்கள். அடுத்த ஆண்டே, நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 2024 நவம்பர் 14 தேர்தலில் மலையகப் பெண்கள் இருவர், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையில் அம்பிகா சாமுவேலும், வென்றார்கள். இடையில் கழிந்த காலத்தில் கொழுந்து பறித்தது பெரும்பாலும் பெண்கள், பேச்சுவார்த்தை மேசையில் இருந்தது பெரும்பாலும் ஆண்கள். இன்றும் 225 பேரில் பெண்கள் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் ஒரு வேண்டுகோள்: எந்தக் கட்சிப் பெண் உறுப்பினரானாலும் ஊருக்கு வந்தால் பொன்னாடையும் மாலையும் போட்டு அரை நாளைத் தின்றுவிடாதீர்கள். தாளைக் கொடுங்கள். மனுவை எந்த மாவட்டத்து உறுப்பினர் மூலமும் முன்வைக்கலாம். நம் தொகுதியார் நேரம் தரவில்லை என்று சோர்ந்து போக வேண்டியதில்லை.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்து அம்மாவையும், கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் சமைத்த ஆண்பிள்ளைகளையும் மறக்கவில்லை. பின்னவர்கள் எண்ணிக்கையில் குறைவு.

பதில் இன்னும் முழுதாக வரவில்லை. பரிசோதனைகளின் எண்ணிக்கை வந்திருக்கிறது, தராசு முத்திரை விபரம் வரவேண்டும். குழு மனுதாரர்களையும் திணைக்கள அலுவலர்களையும் அழைத்தால் மூலச் சீட்டுகள் கையில் இருக்கவேண்டும். ஆகவே சீட்டு தந்தவர்கள் இந்த மாதச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு மடுவத்துக்கு வந்து தங்கள் மூலச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தாள் உறைக்குள் போட்டுத் தருகிறோம். இயந்திரத்தில் அச்சான சீட்டை அடுப்படிப் பரணில் வைக்கவேண்டாம், சூடு பட்டால் தாள் கறுத்துவிடும். இனி வாங்கும் சீட்டுகளை அன்றைக்கே படம் எடுத்து, பின்புறத்தில் மழையா வெயிலா என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.

நன்றியுடன்,
மனுவுக்காக உழைத்த பெண்கள் சார்பில்