மொன்ஷிக் மலை மடத்தின் சுவர்களை மழைக்கு முன் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மட்டக்களப்பைச் சொந்த ஊராகக் கொண்ட மேசன் ஒருவர்,
போர்த்திமாவோ, அல்கார்வே.

பெறுநர்:
கௌரவ தலைவர் அவர்கள்,
நகரசபை, மொன்ஷிக், போர்த்துக்கல்.

பொருள்: நொஸ்ஸ செஞ்ஞோரா தோ தெஷ்தெர்ரோ மடத்தின் சுவர்த் தலைகளுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசித் தருமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

இந்த மனுவின் போர்த்துக்கேய மொழிபெயர்ப்பை நண்பர் ஒருவர் செய்து தந்தார், அதையும் இணைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த போர்த்துக்கேயம் வேலைத்தளத்தில் பழகியது. அதை வைத்து மணல், சாந்து, சாரம், கூலி பற்றிப் பேசலாம், மனு எழுத முடியாது. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

ஊருக்கு மேலே தக்கை மரங்களுக்கிடையில் ஏறிப் போனால் இந்தப் பிரான்சிஸ்கன் மடம் வரும். கோயிலுக்குக் கூரை இல்லை. நடுக்கூடத்தில் புல் முளைத்திருக்கிறது, பக்கத்து வளைவுகளுக்குள்ளே வெயில் விழுகிறது. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எனக்கோ, தொழில் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. பூச்சு உதிர்ந்த ஓரிடத்தில் இரண்டு கல்லுக்கு நடுவே பெருவிரலை வைத்து அழுத்தினேன். சாந்து மாவாகக் கொட்டியது. அந்த மாவுக்குள் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. நீற்றும்போது சரியாகக் கரையாத சுண்ணாம்பு அது. இதைக் குழைத்த ஆள் அன்றைக்கு அவசரத்தில் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மடத்தை 1631-ல் எழுப்பியவர் பேரோ த சில்வா. அப்புறம் 1635-ல் இந்தியாவுக்கான அரசப் பிரதிநிதியாகக் கோவாவுக்குப் போனார். 1639-ல் அங்கேயே இறந்தார். அவரை ‘மென்மையானவர்’ என்று பட்டப்பெயர் வைத்து அழைத்திருக்கிறார்கள். காலம் அவருக்கு மென்மையாக இருக்கவில்லை. ஒல்லாந்தர் கப்பல்கள் கோவாத் துறைமுகத்தை ஆண்டுதோறும் மறித்தன. 1638 மார்ச்சில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தான். இரண்டு மாதத்தில் எங்கள் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. போர்த்துக்கேயர் அதைக் கட்டி முழுதாகப் பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது.

சின்ன வயதில் அந்தக் கோட்டைச் சுவரைத் தொட்டு விளையாடியவன் நான். எங்கள் ஊர்ப் பறங்கியர், அதாவது போர்த்துக்கேய வழிவந்தவர்கள், சிலரின் வீடுகளில் இன்றைக்கும் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசுவார்கள். நாங்கள் யன்னல், சாவி, அலுமாரி, மேசை, பாண் என்று வாய் ஓயாமல் சொல்வதெல்லாம் உங்கள் சொற்கள்தான். போர்த்துக்கேயர் எங்கள் கரையில் கோயில்களை இடித்ததும் நடந்த கதைதான், அதை மறைத்து நான் எழுதவில்லை. ஆனாலும் எங்கள் கோட்டை கைமாறியபோது கோவாவில் ஆட்சியிலிருந்தவர் கட்டிய மடம் ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது ஏதோ உறவுக்காரர் வீட்டைக் கண்டதுபோல இருந்தது.

மடத்து மக்னோலியா மரத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பேரோ த சில்வா அதை இந்தியாவிலிருந்து கொண்டுவந்தார் என்பார்கள். அரசப் பிரதிநிதியாகப் போனவர் திரும்பி வரவேயில்லை. போதாததற்கு அந்தப் பெரிய பூ மக்னோலியா வட அமெரிக்காவின் மரம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. அறிவிப்புப் பலகை வைத்தால் அதைக் கதை என்றே எழுதுங்கள், பக்கத்தில் கன்னொறுவைக்கும் மட்டக்களப்புக்கும் ஒரு வரி கொடுங்கள்.

1755 நவம்பர் 1-ன் பூமியதிர்ச்சி மடத்தையும் ஆட்டிவிட்டது. 1834-ல் அரசு ஆண் துறவிகளின் மடங்களை எல்லாம் மூடி உடைமைகளை எடுத்துக்கொண்டது. துறவிகள் போனால் ஓடு மாற்ற ஆள் இல்லை. ஓடு போனால் சுவர் போகும்.

எப்படிப் போகும் என்பதுதான் இந்த மனுவின் விஷயம். இப்படிப்பட்ட பழைய சுவருக்கு இரண்டு முகம் உண்டு, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அடைத்திருப்பார்கள். கூரை இருக்கும்வரை அந்த வயிறு நனையாது. கூரை போனதும் மழை சுவரின் தலைவழியே நேரே உள்ளே இறங்கும். சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், முள்ளும் அத்தியும் வேர் விடும், வேர் தடிக்கத் தடிக்க முகம் வெளியே பிதுங்கும். பிதுங்கிய சுவர் ஒரு நாள் இரவு சத்தமில்லாமல் சரியும். அல்கார்வே முழுவதும் வறண்டு கிடந்தாலும் மொன்ஷிக் மலையில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஃபோயா சிகரத்தின் பெயரால் ‘ஃபோயாயிட்’ என்று உலகம் அழைக்கும் கல் இந்த மலையின் கல். பார்வைக்குக் கருங்கல் போல இருக்கும், உள்ளே குவார்ட்ஸ் கிடையாது. கல் நிற்கும் ஐயா, நடுவில் இருக்கிற சாந்துதான் நிற்காது.

ஆகவே மழை தொடங்குமுன் சுவர்த் தலைகளைச் சுத்தம் செய்து, தளர்ந்த கல்லைத் திரும்ப அமர்த்தி, தண்ணீர் வெளியே வழியும்படி சிறு சரிவோடு சுண்ணாம்புச் சாந்து பூசித் தாருங்கள். நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பே நல்லது. குளிர் கடுமையாவதற்கு முன் அதற்குச் சில வாரம் வேண்டும், டிசம்பரில் பூசினால் வீண். வேர்களை இழுக்க வேண்டாம், அடியில் வெட்டிக் காயவிடச் சொல்லுங்கள். இழுத்தால் கல்லும் கூட வரும். வளைவுகளுக்கு மரத்தில் முட்டுக் கொடுங்கள். வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளந்து படமெடுத்து வைப்பது அவசியம்.

சீமெந்து மட்டும் வேண்டாம். நான் முன்பு வேலை செய்த ஒப்பந்தக்காரர் ஒருவர் பழைய வீடொன்றின் சுவரைச் சீமெந்தால் பூசச் சொன்னார். ‘முதலாளி, இது மூச்சு விடாது’ என்றேன். கேட்கவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்றது, பின்னால் சுவர் ஈரத்தில் ஊறிக் கிடந்தது. திட்டு வாங்கியது நான்தான்.

பாழடைந்த பழைய கட்டடங்களை விடுதிகளாக்கும் ‘ரிவைவ்’ திட்டத்தை அரசு 2016-ல் தொடங்கியது எனக்குத் தெரியும். இந்த மடத்துக்கு என்ன திட்டம் வந்தாலும் வரட்டும், நான் எதிர்ப்பவன் அல்ல. உரிமைப் பேச்சு, கடதாசி வேலை, நிதி எல்லாம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதுவரை சுவர் நிற்க வேண்டுமே. இந்த மலையில் தக்கை மரத்தின் பட்டையை 9 ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள், உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்திலேயே வெள்ளையில் எழுதி வைக்கிறார்கள். மடத்துச் சுவருக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். 2018 ஓகஸ்ட் காட்டுத்தீ இந்த மலையில் என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுற்றியுள்ள பற்றைகளைக் கோடைக்கு முன் வெட்டுவதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை செய்யும் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியில்லாமல் வரச் சம்மதித்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர். சாரமும் சுண்ணாம்பும் மேற்பார்வைக்கு ஒரு பொறியியலாளரும் நகரசபை தந்தால் போதும், கரண்டியும் தூக்குக் குண்டும் எங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: போர்த்துக்கேய மொழிபெயர்ப்பு, சுவர்த் தலைகளின் படங்கள்.