உச்சிக்குழி மூடாத ராஜாவுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

மகால் பகுதித் தெருக்காரர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து கைகொடுத்தவர்களுக்கும் எங்கள் நாடகக் குழுவின் வணக்கம்.

சனிக்கிழமை ராத்திரி நாடகம் நல்லபடியாக முடிந்தது. மேடையிலேயே நன்றி சொல்லிவிடலாம் என்று தாளில் எல்லாம் எழுதித்தான் வைத்திருந்தோம். கடைசிக் காட்சி முடிந்ததும் பாதிக் கூட்டம் மேடை ஏறிவிட்டது, மைக் யார் கைக்கோ போய்விட்டது. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொன்னதால் யார் பெயரும் இதில் இல்லை. படித்தால் யார் என்று தெரிந்துவிடும், நம் தெருவில் எதுதான் மறைந்திருக்கிறது.

வர முடியாதவர்களுக்குக் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். திருமலை நாயக்கரின் கொள்ளுப்பேரன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்ப நாயக்கர். 1682இல் பட்டத்துக்கு வந்தவர், 1689இல் வைசூரி, அதாவது பெரியம்மை கண்டு சின்ன வயதிலேயே போய்விட்டார். மனைவி முத்தம்மாள் அப்போது கர்ப்பிணி. உடன்கட்டை ஏறுவேன் என்று நின்றவளைப் பிள்ளை பிறக்கும்வரை தடுத்து வைத்தது மாமியார் மங்கம்மாள். ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைக்கவில்லை. மூன்று மாதக் குழந்தை விஜயரங்க சொக்கநாதனுக்கு முடி சூட்டிவிட்டு, 1706 வரை பேரன் பெயரில் பாட்டி ஆண்டாள். ராஜா செத்த நாளுக்கும் அடுத்த ராஜா தொட்டிலுக்கு வந்த நாளுக்கும் நடுவில் நாட்டுக்கு ராஜாவே இல்லை. அந்த இடைவெளிதான் நாடகம். பட்டாபிஷேகத்தைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், அதற்கு முந்தைய நாட்களில் அரண்மனைக்குள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

தலைநகர் அப்போது திருச்சி. "அப்ப இது திருச்சிக்காரங்க கதைதானே, நமக்கென்ன?" என்று டீக்கடையில் ஒரு அண்ணன் கேட்டார். ரயில்வே ஸ்டேஷன் எதிரே இருக்கிற மங்கம்மா சத்திரத்தையும், காந்தி மியூசியம் இருக்கிற தமுக்கம் அரண்மனையையும் திருச்சிக்கா தூக்கிக் கொடுப்பது என்று திருப்பிக் கேட்டோம். அவர்தான் ஒத்திகை நடந்த அத்தனை நாளும் எங்களுக்கு டீ அனுப்பியவர். காசு வாங்க மாட்டேன் என்றார். முதல் நன்றி அவருக்கே.

பேசி வைத்திருந்த மண்டபம் கடைசி நேரத்தில் ஒரு ரிசப்ஷனுக்குப் போய்விட்டது. முன்பணம் திரும்பி வந்தது, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அப்புறம் தெருவே மண்டபம் ஆனது. வண்டிகளை எடுத்து வேறு இடத்தில் நிறுத்திய வீட்டுக்காரர்கள், வாசலில் பெஞ்சு போட அனுமதித்த ஜவுளிக்கடைக்காரர்கள், வாடகையைக் குறைத்துக்கொண்ட பந்தல்காரர், மைக்செட் தம்பி, போக்குவரத்தைத் திருப்பிவிட்ட காவலர்கள், எல்லோருக்கும் நன்றி. பக்கத்தில் பத்துத் தூண் நிற்கிறது, திருமலை நாயக்கர் கட்டியதில் மிச்சம். அவருடைய கொள்ளுப்பேரன் சாவை அதற்குப் பக்கத்திலேயே நடித்ததில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

ராஜா நோயில் கிடக்கிற காட்சி ஒத்திகையில் எடுபடவே இல்லை. நடித்த பையன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். கீழவாசல் பக்கத்திலிருந்து வந்த பாட்டி ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு, சின்ன வயதில் வார்த்ததாம். "அம்மா இறங்கியிருக்கையில யாருய்யா இப்பிடி இருமுவா?" என்று கேட்டுவிட்டு அவரே தரையில் படுத்துக் காட்டினார். கீழே வாழை இலை, சுற்றிலும் வேப்பிலை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட முத்து போட்டிருக்கும், கையை மூட முடியாது, விரலை விரித்தபடியேதான் கிடக்க வேண்டும். அரிப்பெடுத்தால் சொறியக் கூடாது, வேப்பங்கொத்தால் தடவிவிட ஒரு ஆள் வேண்டும். பையன் அப்படியே செய்தான். அதிலிருந்துதான் மோதிரக் காட்சி பிறந்தது: ராஜாவின் விரித்த கையில் முத்திரை மோதிரத்தை வைக்கிறார்கள், அவரால் மூடிக்கொள்ள முடியவில்லை, மோதிரம் உருண்டு மங்கம்மாளின் காலடியில் விழுகிறது. வசனமே இல்லாத அந்த இடத்தில்தான் கூட்டம் கப்சிப் என்று ஆனது. அதை எழுதியது நாங்கள் இல்லை பாட்டி, நீங்கள்தான்.

அவரோடு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா ஒருவரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காலையில் காய்ச்சல், சாயங்காலம் மரணம் என்று நாங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். முதலில் காய்ச்சலும் இடுப்பு வலியும் வரும், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முத்து கிளம்பும், பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில்தான் உயிர் போகும் என்றார். அவர் சொன்னதும் நாடகத்தின் நடுப்பகுதியே மாறிப்போனது. அரசன் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்தும் தெரியாததுபோல நாட்களை ஓட்ட வேண்டிய ஒரு தாய் கிடைத்தாள். வைத்தியரிடம் ஒரு முகம், தளவாயிடம் ஒரு முகம், நிறைமாதத்துக்குக் காத்திருக்கிற மருமகளிடம் இன்னொரு முகம். இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் கண்டது 1975இல். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊர் ஊராக அம்மை குத்தப் போனதையும் அவர் சொன்னார். அது தனி நாடகத்துக்கு ஆகும், விடுவதாக இல்லை.

பட்டம் கட்டுகிற காட்சிக்கு நிஜக் குழந்தை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தோம். தெற்குத் தெருவில் ஒரு தங்கை தன் பிள்ளையைத் தருவதாகச் சொன்னாள், மாமியார் சம்மதத்தோடு. கிரீடம் செய்யத் தெற்காவணி மூல வீதியில் ஒரு பட்டறைக்குப் போனோம். ஆசாரி ஐயா பித்தளைத் தகட்டைக் கையில் எடுத்தார், குழந்தைக்கு எத்தனை மாசம் என்று கேட்டார், தகட்டைக் கீழே வைத்துவிட்டார். "உச்சிக்குழி மூடலையேப்பா. இதுல எதையும் வைக்கப்படாது." சரி, என்ன செய்வது? கிரீடத்தைச் செய்வோம், ஆனால் தலையில் வைக்காமல் பாட்டியே மேலே பிடித்துக்கொள்ளட்டும் என்றார். அப்படித்தான் செய்தோம். மங்கம்மாளாக நடித்த அக்கா, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் அதன் தலைக்கு ஒரு சாண் மேலே கிரீடமுமாக, நாயனம் முடிகிறவரை நின்றார். கை நடுங்கியது நடிப்பில்லை, கிரீடம் நல்ல கனம். பதினேழு வருஷ ஆட்சியை வசனத்தில் சொல்ல எழுதியிருந்த மூன்று பக்கத்தை அன்றைக்கே கிழித்துப் போட்டோம். குழந்தை தூங்கிவிட்டது. அதன் அம்மாவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

உடைக்கு எங்களிடம் காசு இல்லை. மகால் தெருக்களில் இருக்கிற சௌராஷ்டிரக் குடும்பங்கள் பெட்டியைத் திறந்து பழைய பட்டு, சரிகை அங்கவஸ்திரம் எல்லாம் எடுத்துக் கொடுத்தார்கள். கொசுவம் எப்படி வைப்பது, தலைப்பாகை எப்படிச் சுற்றுவது என்பதற்குப் பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்து ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மங்கம்மாளும் சிறுவனான பேரனும் இருக்கிற ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஓவியத்தைப் பொறுமையாக விளக்கிய கோயில் பணியாளர் ஐயா போகிறபோக்கில் ஒன்று சொன்னார். மதுரையில் யாரும் சாகாமலே வருஷா வருஷம் செங்கோல் கைமாறுகிறது, சித்திரையில் பட்டம் கட்டிக்கொண்டு ஆவணிவரை மீனாட்சி ஆள்கிறாள், ஆவணி மூலத்தில் சொக்கநாதருக்குப் பட்டம், அடுத்த எட்டு மாதம் அவர் ஆட்சி என்றார். கட்டியங்காரனின் முதல் வசனமாக அதையே வைத்துக்கொண்டோம். கைதட்டல் வந்தது, அதற்குரியவர் அவர்.

ஒப்பாரிக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். ராஜாவுக்கான பாட்டு என்று தனியாக எழுதித் தரட்டுமா என்று கேட்டோம். எதற்கு, எங்கள் ஊரில் செத்த ஆம்பிளை எல்லாரும் ராசாதான், சும்மா பாடுகிறோம் என்றார்கள். பாடினார்கள். முத்தம்மாளாக நடித்த கல்லூரிப் பெண்ணுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

கதையையும் வரலாற்றையும் கலக்கக் கூடாது என்று ஆரம்பத்திலிருந்து மல்லுக்கட்டியவர் எங்கள் சரித்திர வாத்தியார். கட்டியங்காரன் சிவப்புத் தலைப்பாகையோடு பேசினால் அது ஆவணத்தில் இருப்பது, கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் ஊர் வாய்ச்சொல் அல்லது எங்கள் கற்பனை என்பது அவர் கொடுத்த யோசனை. ஔரங்கசீப்பின் செருப்பு ஊர்வலமாக வந்தபோது ரங்ககிருஷ்ணர் அதில் தன் காலை நுழைத்த கதை, பிள்ளை பெற்ற முத்தம்மாள் பன்னீர் குடித்துச் செத்த கதை, வயதான மங்கம்மாளைச் சிறைவைத்துப் பட்டினி போட்டார்கள் என்கிற கதை, இவற்றுக்கெல்லாம் தலைப்பாகை இறங்கியது. மோதிரத்துக்கும்தான். செருப்புக் கதைக்குச் சின்னப் பையன்கள் விசிலடித்தார்கள், என்ன செய்ய.

மங்கம்மாளையும் அமைச்சரையும் சேர்த்துப் பேசுகிற கிசுகிசுவையும் போடுங்கள், கூட்டம் வரும் என்று ஒருவர் சொன்னார். நம் குழுவின் பெண்கள் ஒரே வார்த்தையில் முடியாது என்றார்கள். பதினேழு வருஷம் நாட்டைக் கட்டிக்காத்தவளைப் பற்றி ஊருக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒன்றுதான் என்றால் தப்பு ஊர்மேல்தான். நானும் அவர்கள் கட்சி.

நாடகம் முடிந்ததும் "அந்தப் பாப்பா ராஜா பெருசானப்புறம் என்ன ஆனாரு?" என்று கேட்ட சிறுமிக்கு: 1732வரை ஆண்டார், பிள்ளை இல்லை. அவர் மனைவி மீனாட்சி பட்டத்துக்கு வந்து, வாரிசுச் சண்டையில் சந்தா சாகிபை நம்பி மோசம் போனார். அதோடு நாயக்கர் ஆட்சியே முடிந்தது. அந்தக் கதையை அடுத்து எடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நடிக்க வருகிறவர்கள் சொல்லவும்.

வரவு செலவுக் கணக்கைப் படிப்பகக் கதவில் ஒட்டியிருக்கிறோம். கிரீடம் ஆசாரி ஐயாவிடமே போய்ச் சேர்ந்தது. பட்டுகள் எல்லாம் துவைக்கக் கொடுத்திருக்கிறோம், வந்ததும் வீட்டிலேயே கொண்டுவந்து தருவோம். யாரோ கொடுத்த பித்தளை அண்டா ஒன்றும், காது உடைந்த செம்பு ஒன்றும் படிப்பகத்தில் கிடக்கின்றன. செம்பு எங்களிடம் வரும்போதே காது உடைந்துதான் இருந்தது. உரியவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர் சார்பில்,
மகால் பகுதி, மதுரை