கழித்துவிட்டு ரசீது போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை பற்றி உங்கள் சேலம் பதிப்பில் வந்த செய்தியில், 'அரசுக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அது சரிதான். இளநிலைப் படிப்புகளுக்கு 2007-08 கல்வியாண்டிலேயே அரசு அதை ரத்து செய்துவிட்டது. ஆனால் அந்த ஒரு வரியை நம்பி, பஸ் காசை மட்டும் எடுத்துக்கொண்டு ஏற்காடு மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கல்லூரி கவுன்டரில் என்ன நடக்கிறது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பலகையில்தான் ஜெராக்ஸ், மே, ஜூன் மாதங்களில் நடப்பது வேறு வேலை. கல்லூரி விண்ணப்பம் போடுவது, உதவித்தொகைப் படிவம் நிரப்புவது, வங்கிக் கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது, இணையதளம் கேட்கிற அளவுக்குப் போட்டோவைச் சுருக்குவது. நாகலூர், செம்மநத்தம், வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். வீட்டில் அரை ஏக்கரோ ஒரு ஏக்கரோ காப்பியும் மிளகும் இருக்கும்; அதுவும் இல்லையென்றால் எஸ்டேட் கூலி. பல வீடுகளில் பிளஸ் டூ முடித்த முதல் ஆளே இந்தப் பிள்ளைதான்.

விண்ணப்பம் போடுகிற வரைக்கும் எல்லாம் நன்றாகவே போகிறது. அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்துக்குக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். பழங்குடியினர் அல்லது ஆதிதிராவிடர் என்று குறித்தவுடன் கணினியே அந்த 48 ரூபாயை எடுத்துவிட்டு 2 ரூபாய் மட்டும் கேட்கும். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. முதலில் கட்டுங்கள், அப்புறம் திருப்பித் தருகிறோம் என்ற பேச்சும் இல்லை.

சிக்கல் சேர்க்கை நாளில்தான். போன வருடம் நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்குக் கீழே ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, சேர்த்துவிட்டுத் திரும்புகிற வழி. ரசீதை என் மேசையில் விரித்து வைத்து, "ஏம்மா, பீஸே இல்லைன்னு சொன்னியே, இது என்னன்னு பாரு" என்றார். கல்விக் கட்டணம் என்ற வரிசையில் சைபர்தான் போட்டிருந்தது. அதற்குக் கீழேதான் விவகாரம். சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், நூலகம், விளையாட்டு, அடையாள அட்டை, பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று வரிசையாக இறங்கி, கடைசியில் நாலாயிரத்துச் சொச்சம். "எப்படிண்ணா கட்டினீங்க?" என்றேன். மிளகு வியாபாரியிடம் அடுத்த அறுவடைக்கு முன்பணம் வாங்கினாராம். விலையும் வியாபாரி சொன்ன விலைதான். அதாவது, கொடியில் காயே பிடிக்காத மிளகு அன்றைக்கே குறைந்த விலைக்குப் போய்விட்டது.

அந்தப் பெண்ணிடம் பழங்குடியினர் சாதிச் சான்று கையில் இருந்தது. பழங்குடியின, ஆதிதிராவிட மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் மட்டுமல்ல, சிறப்புக் கட்டணத்திலும் தேர்வுக் கட்டணத்திலும் விலக்கு அளிக்க அரசாணைகள் இருக்கின்றன. கல்லூரிக் கவுன்டரில் கேட்டதற்கு, "ஸ்காலர்ஷிப் வரும்போது உங்க அக்கவுன்டுக்கு வந்துடும், இப்போ எல்லாரும் கட்டித்தான் ஆகணும்" என்று சொன்னார்களாம். உதவித்தொகை வரத்தான் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் முதல் செமஸ்டர் முடிந்த பிறகு வந்தது. சலுகைகள் இல்லாத மாநிலம் அல்ல நம்முடையது. இருக்கிற சலுகை, பணம் கட்ட வேண்டிய நாளில் கைக்கு வராமல் ஆறேழு மாதம் கழித்து வருகிறது, அவ்வளவுதான் பிரச்சினை. வசதி உள்ள வீட்டுக்கு இது பெரிய வித்தியாசமில்லை. மலையில் அப்படி இல்லை.

மலையில் ஜூன் மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காப்பிப் பழம் எடுப்பது ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கித் தை மாதத்தோடு அடங்கிவிடும். அதன் பிறகு மிளகு. அதுவும் பங்குனி வாக்கில் முடிந்துவிடும். கையில் புரண்ட காசு கோடையிலேயே கல்யாணம், திருவிழா, பழைய கடன் என்று கரைந்துவிடும். மழை பிடிக்கிற ஜூன் மாதத்தில் தோட்டத்தில் களை எடுப்பதும் நிழல் மரம் கழிப்பதும்தான் வேலை. அதில் செலவு உண்டு, வரவு இல்லை. கல்லூரி பணம் கேட்பது சரியாக அந்த மாதத்தில். 'பணம் கட்டக் கடைசி நாள்' என்று குறுஞ்செய்தி வந்தால், நாலு நாளில் நாலாயிரம் புரட்ட வேண்டும். புரட்ட முடியாதவர்கள் என்னிடம் வந்து விவரம் கேட்பதுகூட இல்லை. பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்று வேறு யாராவது சொல்லித்தான் தெரியவரும்.

பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயருக்கு நன்கொடை. ஆனால் மற்றக் கட்டணங்களோடு ஒரே சீட்டில் எழுதி நீட்டினால் எந்த அப்பா "இது நன்கொடைதானே, நான் தரவில்லை" என்று சொல்வார்? கல்லூரிப் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவே கிடக்கும்போது, இந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுத்துத்தான் பல இடங்களில் விரிவுரையாளர்களை வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். அது அரசு செய்ய வேண்டிய செலவு. அதை மிளகுக் காசில் செய்யக்கூடாது.

அடுத்தது, இன்னும் மோசமானது. அரசு உதவி பெறும் கல்லூரி என்று நம்பிப் போகிறார்கள். ஆனால் அதே வளாகத்தில், அதே கட்டடத்தில் சுயநிதிப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பி.காம். என்றால் இங்கேயும் பி.காம்., அங்கேயும் பி.காம். கட்டணம் மட்டும் வேறு. உதவி பெறும் பிரிவில் இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி இந்தப் பிரிவில் போடுகிறார்கள். எந்தப் பிரிவில் சேர்ந்திருக்கிறோம் என்பதே பல பெற்றோருக்கு இரண்டாம் தவணை கேட்கும்போதுதான் புரிகிறது. பழங்குடியின, ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குச் சுயநிதிக் கல்லூரியில்கூடக் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2012-ல் வந்த அரசாணை 92 சொல்கிறது. குடும்ப வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது அந்த வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். மலையில் அந்த வரம்பைத் தாண்டுகிற வீடு எத்தனை இருக்கும்?

ஆனால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்த உதவித்தொகை கிடையாது. சந்தை நாளில் மலைக்கு வந்து, "சீட் கன்ஃபார்ம், எல்லாம் ஸ்காலர்ஷிப்தான், ஒரு ரூபா செலவில்லை" என்று அசல் மதிப்பெண் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிற தரகர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். நர்சிங், இன்ஜினீயரிங் என்று ஆசை காட்டிச் சேர்ப்பது பெரும்பாலும் இந்தக் கோட்டாவில்தான். கலந்தாய்வில் போயிருந்தால் முழுக் கட்டணமும் கிடைத்திருக்கும் பிள்ளை, ஒரே ஒரு கட்டத்தில் தவறான டிக் விழுந்ததால் முழுக் கடனில் உட்கார்ந்திருக்கும். அசல் சான்றிதழும் அவர்கள் கையில் இருப்பதால் வெளியே வரவும் முடியாது. ஆசிரியர் அவர்களே, சேர்க்கை நேரத்தில் இந்த ஒரு விதியை மட்டுமாவது பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் போடுங்கள்.

கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு. மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். இது தெரியாமல் முதல் பட்டதாரிச் சான்றுக்கு 60 ரூபாய் கட்டி, அதை எடுத்துக்கொண்டு பி.ஏ. தமிழ் சேரப் போகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தச் சான்று ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பு சேர்கிறவர்களுக்கானது. கல்விக் கட்டணமே இல்லாத அரசு கலைக் கல்லூரியில் அதை வைத்து என்ன கழிப்பார்கள்? சொன்னால், "பக்கத்து வீட்டுக்காரர் வாங்கச் சொன்னாரு" என்பார்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதுமைப்பெண் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், நேராக அவள் கணக்குக்கே வருகிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் எத்தனை வருடம் படித்தது என்பது பள்ளி மாணவர்களுக்கான எமிஸ் என்ற கணினிப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரிப் பக்கம் யுமிஸ் என்ற பதிவு இருக்கிறது. பிள்ளையின் சாதிப் பிரிவும் அதில் உண்டு. மாதம் ஆயிரம் கொடுக்க அந்தப் பதிவு போதும் என்றால், கட்டணத்தைக் கழிக்க மட்டும் ஏன் போதாது? விண்ணப்பத்தில் 48 ரூபாயைக் கழிக்கத் தெரிந்த அதே கணினிக்கு, சேர்க்கை ரசீதில் சிறப்புக் கட்டணத்தைக் கழிக்கத் தெரியாதா?

ஆதிதிராவிட மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை நெறிமுறைகளில், முன்பணம் வாங்காமல் சேர்த்துக்கொள்ள வகை செய்கிற ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு 2021-லேயே சொல்லப்பட்டிருக்கிறது. அட்டையைக் காட்டிச் சேரலாம், உதவித்தொகை வந்ததும் கல்லூரிக்குக் கட்டலாம். என் கடைக்கு அப்படி ஓர் அட்டையைப் பிரதி எடுக்க இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை. அட்டை வேண்டாம், கழித்து எழுதிய ரசீது வந்தால்கூடப் போதும். கல்லூரிக்கு வர வேண்டிய பணத்தை அரசும் கல்லூரியும் தங்களுக்குள் எப்போது வேண்டுமானாலும் தீர்த்துக்கொள்ளட்டும். ஆறு மாதம் காத்திருக்கிற சக்தி ஒரு கல்லூரிக்கு உண்டு, செம்மநத்தத்துக் குடும்பத்துக்குக் கிடையாது.

இன்னொன்று சாதிச் சான்று. மற்றவர்களுக்குத் தாசில்தார் நிலையில் முடிந்துவிடும். பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர்தான் தர வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு படியாகத் தாண்டிச் சேலத்துக்குப் போக வேண்டும். தேர்வு முடிவு வந்த பிறகு விண்ணப்பித்தால் சேர்க்கைக்குள் வருமா என்பது சந்தேகம். பத்தாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்தில் வைத்து எடுத்துக் கொடுத்துவிட்டால் இந்த ஓட்டம் மிச்சம். சில தலைமை ஆசிரியர்கள் தாங்களாகவே அப்படிச் செய்கிறார்கள். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் என் கடைக்கு வரும்போது கோப்பில் எல்லாமே இருக்கும், வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கடைசியாக ஒரு யோசனை. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும். அரசுத் துறைகள் வரிசையாக அரங்கு போடுவார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போவார்கள். தேர்வு முடிவுகள் வருவதும் அதே மே மாதத்தில்தான். மலைக் கிராமங்கள் எல்லாம் அந்த நாட்களில் எப்படியும் ஒருமுறை ஏற்காட்டுக்கு வந்து போகும். அந்த அரங்குகளில் ஒன்றை மட்டும் கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு ஒதுக்கலாம். பழங்குடியினர் நலத்துறையிலிருந்து ஒருவர், வருவாய்த்துறையிலிருந்து ஒருவர், அரசுக் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒருவர், வங்கியிலிருந்து ஒருவர் உட்கார்ந்தால் போதும். சான்று விண்ணப்பம், ஆதார் இணைப்பு, எந்தப் பிரிவில் எவ்வளவு கட்டணம், எந்த ஒதுக்கீட்டில் சேரக் கூடாது என்பதெல்லாம் ஒரே மேசையில் முடியும். மாவட்ட ஆட்சியர் அடுத்த கோடை விழாவுக்கு முன் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை நடத்தும் வாசகி,
ஏற்காடு.